‘இம்ப்ரோவைசேஷன்’ என்பதற்கு ‘இட்டுக்கட்டு’ பொருந்துமா? ஒலிப்பேழை இசைக்கான கலைச்சொற்கள்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். ஐம்பதோ நூறோ படிகள் மட்டும் எடுத்துச் சிறிய வெளியீட்டாளர்கள் கேசட்டில் கொண்டுவரும் இசையைப் பற்றித் தமிழில் எழுத உட்காருபவருக்கு எக்ஸ்பெரிமென்டல், இம்ப்ரோவைசேஷன் (முன்பே எழுதிவைக்காமல் அந்தக் கணத்திலேயே உருவாக்கி இசைப்பது), லிமிடெட் எடிஷன் என்ற மூன்றுக்கும் முதல் பத்தியிலேயே சொல் வேண்டியிருக்கிறது. இவற்றுக்கு நம் கலைச்சொல் குழுவின் பட்டியலுக்காக இதுவரை ‘பரிசோதனை இசை’, ‘மனோதர்ம இசை’, ‘வரையறுக்கப்பட்ட பதிப்பு’ ஆகியவை முன்வைக்கப்பட்டுள்ளன. என் முதன்மையான மறுப்பு இரண்டாவது சொல்லின் மீதுதான் என்றாலும், முதலாவதைப் பற்றி ஒரு வார்த்தை.

இரத்தமும் சிறுநீரும் பார்க்கும் கூடங்கள் தமிழ், இந்தி, வங்காளம் என்று பல மொழிகளில் பலகை மாட்டியிருக்கும் வேலூரில் ‘பரிசோதனை இசை நிகழ்ச்சி’ என்று சுவரொட்டி ஒட்டினால், வெறும் வயிற்றோடு வர வேண்டுமா என்று யாராவது கேட்டுவிடுவார்கள். வேடிக்கை ஒருபுறம் இருக்க, பொருளும் முழுமையாகப் பொருந்தவில்லை. தேறுகிறதா தேறவில்லையா என்று பார்க்கும் தேர்வை அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜ் ‘எக்ஸ்பெரிமென்டல்’ என்ற சொல்லால் குறிக்கவில்லை. விளைவு இன்னதென்று முன்கூட்டியே தெரியாத செயலைத்தான் குறித்தார். ஆயினும் சிற்றிதழ்கள் ‘சோதனை முயற்சி’ என்பதை இலக்கியத்தில் நெடுங்காலமாகப் புழங்கிப் பழக்கிவிட்டபடியால், ‘பரி’யை விட்டுவிட்டுச் ‘சோதனை இசை’ என்றே வைத்துக்கொண்டு, கேஜ் சொன்னதை விளக்க வரியில் சேர்த்துவிடலாம்.

இனி மனோதர்மம். கச்சேரியில் ஆலாபனை, தானம், நிரவல், கற்பனைச் சுரம் ஆகியவற்றை இச்சொல் துல்லியமாகக் குறிக்கிறது. பாடகர் அந்தக் கணத்தில் உருவாக்குகிறார் என்பது உண்மையே, ஆனால் ராகத்தின் இலக்கணத்துக்குள்தான் உருவாக்குகிறார், நிரவலிலும் சுரத்திலும் தாளக் கணக்கும் கூடவே வருகிறது. தோடி ராகத்தில் தொடங்கி விருப்பம்போல வேறெங்கோ போய்விட்டால் அதை யாரும் மனோதர்மம் என்று பாராட்டமாட்டார்கள். நாம் பேசும் இசையோ அந்த வேலியை விட்டு வெளியேறுவதற்கென்றே தோன்றியது. 1965இல் இலண்டனில் உருவான ஏ.எம்.எம். இசைக்குழுவும், ஆங்கிலேயக் கிதார் கலைஞர் டெரக் பெய்லியும் ராகத்துக்கோ, ஜாஸ் சட்டகத்துக்கோ, முன்பே எழுதிய மெட்டுக்கோ கட்டுப்படாமல் வாசிக்க முற்பட்டவர்கள். பெய்லி இம்ப்ரோவைசேஷனையே இரண்டாகப் பிரித்து, ஒரு மரபின் மொழிக்குள் நடப்பது ஒன்று, அப்படி எந்த மொழியையும் சாராதது மற்றொன்று என்றார். நம் கச்சேரி இசை முதல் வகையில் அடங்கும். ‘மனோதர்மம்’ என்று மொழிபெயர்த்தால் இரண்டாவது வகைக்கு இடமே இல்லாமல் போகிறது.

‘கட்டற்ற இசை’ என்று சென்னை நண்பர் எழுதியிருந்தார். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கட்டற்ற மென்பொருள், கட்டற்ற உரிமம் என்று நாமே வளர்த்துவிட்ட வழக்கினால், யாரும் படியெடுத்துப் பகிரலாம் என்று உரிமம் பெற்ற இசையைத்தான் அது முதலில் நினைவூட்டும். கேட்ட நொடியிலேயே பாடுவதான ஆசுகவியிலிருந்து ‘ஆசு’வை எடுத்தாலோ, புணர்ச்சியில் ‘ஆசிசை’ என்றாகி ஆசி வழங்கும் இசைபோல ஒலிப்பதோடு, ஆசு என்பதற்குக் குற்றம் என்ற பொருளும் இருப்பது தெரிந்தவர்களை முகம் சுளிக்க வைக்கும்.

எனவே ‘இட்டுக்கட்டு’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். வட ஆற்காட்டுக் கூத்தில் கோமாளியான கட்டியங்காரன் திரைக்கு முன் நின்று, துரியோதனன் சபைக்கு நடுவே அந்த ஊர் ஏரி மதகையும் ரேஷன் கடையையும் இழுத்து வந்து பேசுகிறானே, அது இட்டுக்கட்டு. இழவு வீட்டில் ஒப்பாரி வைக்கும் பெண்கள் இறந்தவரின் பெயரையும் நிலத்தையும் உறவையும் நொடியில் அடிக்குள் பொருத்துவதும் இட்டுக்கட்டிப் பாடுவதுதான். இதன் பெரிய வசதி, இது வினையாக இயங்குவது: இட்டுக்கட்டினார், இட்டுக்கட்டும்போது, இட்டுக்கட்டாமல், இட்டுக்கட்டுநர் என்று எந்த வாக்கியத்திலும் உட்காரும். மனோதர்மத்தை ஒவ்வொரு முறையும் ‘செய்ய’ வேண்டியிருக்கிறது.

சத்துவாச்சாரியிலிருந்து,
வேலூர் உறுப்பினர்

*

மதிப்பிற்குரிய ஐயா,

ஆரணியில் கூத்துக்காரர்களோடு பழகியவன் என்ற முறையில் இரண்டு செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன். கூத்தில் இட்டுக்கட்டுவது பெரும்பாலும் பேச்சில்தான் நடக்கிறது. விருத்தம், தரு என்ற பாட்டு வகைகள் வாத்தியார் சொல்லிக் கொடுத்து மனப்பாடமாக வருபவை. வேடக்காரர் மூச்சு வாங்கும் இடத்தில் முகவீணை என்ற சிறு ஊதுகருவியை வாசிப்பவர் தன் போக்கில் இழுத்து நிரப்புவார், அவ்வளவுதான். அதைவிட முக்கியமானது, இன்றைய பேச்சில் ‘இட்டுக்கட்டிச் சொல்கிறான்’ என்றால் பொய் சொல்கிறான் என்றே பொருள். ‘இட்டுக்கட்டிய இசை’ என்று ஒரு விமர்சகர் எழுதினால் அது வசையாகப் படாதா?

மேலும், ‘வரையறுக்கப்பட்ட பதிப்பு’ பற்றித் தாங்கள் எதுவும் சொல்லவில்லை.

ஆரணியிலிருந்து,
தங்கள் அன்புள்ள

*

அன்புள்ள ஐயா,

வசை என்ற அச்சம் நியாயமானதே; ஆனால் அது ‘இட்டுக்கட்டிய’ என்ற இறந்தகாலப் பெயரெச்சத்தில்தான் கூர்மையாக இருக்கிறது. ‘இட்டுக்கட்டு இசை’ என்று வினைத்தொகையாக வைத்தால் முக்காலத்துக்கும் பொதுவாகி, முடிந்துபோன புனைவைக் குறிக்காமல் நடந்துகொண்டிருக்கும் செயலைக் குறிக்கும். கூத்துப் பாட்டு மனப்பாடம் என்பது சரியே; ஒப்பாரியும் மெட்டுக்கு உட்பட்டதுதான். அதனால்தான் பெய்லியின் பிரிவைப் பின்பற்றி ‘மரபுசார் இட்டுக்கட்டு’, ‘மரபுசாரா இட்டுக்கட்டு’ என இரண்டு பதிவுகளாகவே பட்டியலில் ஏற்றச் சொல்கிறேன். மரபுசாரா எரிசக்தி பழகிய காதுக்கு இது கடினமாக இராது.

பதிப்பைப் பொறுத்தவரை, ‘வரையறுக்கப்பட்ட’ என்பதில் கம்பெனிப் பதிவின் வாடை அடிக்கிறது. ‘சிறுபடி’ என்று சொல்லிப் பார்த்தால் அரிசி அளப்பதுபோல் இருக்கிறது. ‘சிற்றிசை’ என்ற பெயரிலோ கடைச்சங்க நூல் ஒன்று இருந்ததாக இறையனார் களவியல் உரை சொல்கிறது, அதைத் தொடவேண்டாம். இந்த வெளியீட்டாளர்கள் உண்மையில் செய்வதைப் பார்த்தால் வழி கிடைக்கிறது: வீட்டிலேயே ஒவ்வொன்றாகப் படியெடுத்து, உள்தாளில் பேனாவால் 50க்கு 17 என்று எழுதிக் கொடுக்கிறார்கள். அதனால் ‘எண்ணிட்ட பதிப்பு’ என்கிறேன். எண் எழுதாதவற்றுக்கு ‘அளவுப் பதிப்பு’ போதும்.

கேசட்டுக்கு ‘ஒலிநாடா’ பரவலாக இருந்தாலும், 1963இல் பிலிப்ஸ் நிறுவனம் கொண்டுவந்த பொருளின் தனித்தன்மை நாடாவைக் கூட்டுக்குள் அடைத்ததே ஆகையால், முழுப் பொருளுக்கு ‘ஒலிப்பேழை’ என்றும் உள்ளிருக்கும் 3.81 மி.மீ. அகலப் பட்டைக்கு ‘நாடா’ என்றும் பிரிப்பது நல்லது. நொடிக்கு 4.76 செ.மீ. என்ற மெதுவான ஓட்டத்தாலும் குறுகலான தடத்தாலும் அடியில் ஓயாமல் கேட்கும் ‘ஸ்ஸ்’ ஒலிக்கு ‘நாடாச் சீறல்’ என்பதே என் பரிந்துரை. அதையும் இரைச்சல் என்றால், 1979இல் ஜப்பானின் மசாமி அகிதா ‘மெர்ஸ்பௌ’ என்ற பெயரில் தொடங்கி வளர்த்த ‘இரைச்சலிசை’யோடு (நாய்ஸ் மியூசிக்) குழம்பும்.

பழைய பதிவை அழித்து அதன் மேலேயே பதிவதற்கு மட்டும் எனக்கு நிறைவான சொல் கிடைக்கவில்லை. அமெரிக்காவின் லோவெல் நகரில் ஆர்.ஆர்.ரெக்கார்ட்ஸ் என்ற வெளியீட்டகம், யாரோ கேட்டுத் தீர்த்த பழைய பாட்டுக் கேசட்டுகளை வாங்கி, அவற்றின் மீதே இரைச்சலிசையைப் பதிந்து ஒரு வரிசையாக விற்றது. புதுப் பதிவு முடிந்து நாடா மீந்தால் பழைய பாட்டு தலைகாட்டும். வேலூர் லாங் பஜாரில் பாட்டுப் பட்டியலைக் கொடுத்துப் பதிந்து வாங்கிய நம் தலைமுறைக்கு இது புதிதல்ல: அழியாமலிருக்க முதுகுப் பக்கத்துப் பிளாஸ்டிக் நாக்கை உடைப்போம், மனம் மாறினால் அந்தப் பள்ளத்தில் காகிதத்தைத் திணித்து மேலேயே பதிவோம். அப்படிப் பதிவதற்கு ‘மேற்பதிவு’ என்று எழுதலாமென்றால், இருப்பதை அழிக்காமல் இன்னொரு தடத்தைச் சேர்ப்பதற்கும் ஒலிப்பதிவுக் கூடங்களில் அதே சொல் புழங்குகிறது. ‘அழித்துப்பதிவு’ என்பது நீளமாக இருந்தாலும் பொருள் பிசகாது. தங்கள் பக்கத்துக் கேசட்டுக் கடைக்காரர்களிடம் இதற்கு வேறு சொல் இருந்ததா என்று விசாரித்து எழுதினால், திங்கட்கிழமை பட்டியலை அனுப்புமுன் சேர்த்துக்கொள்கிறேன்.

வேலூர் உறுப்பினர்