ஏற்காட்டு மூடுபனியில் கொய்யா இலை காயவே மாட்டேன் என்கிறது

ஏற்காட்டில் நாகலூர் பக்கம் இருக்கிறோம். வீட்டுக் கொய்யா மரத்தின் முதிர்ந்த இலையைக் காயவைத்துத் தேநீர் போடுவது வழக்கம், ஒரு தடவைக்கு இரண்டு கிலோ. கோடையில் நிழலில் பரப்பினாலே மொறுமொறுவென்று ஆகிவிடும். ஐப்பசி பிறந்ததிலிருந்துதான் தொல்லை. பகலிலேயே மூடுபனி வீட்டுக்குள் வருகிறது. இலை விளிம்பு சுருள்கிறது, நடு நரம்பு மட்டும் ஈரமாகவே நிற்கிறது; நாலாம் நாள் அடிப்பக்கம் கறுத்துப் பூஞ்சை வாடை. அப்புறம் குப்பைக்குத்தான்.

பறித்ததும் ஆவி காட்டினேன். பச்சை நிறம் நின்றது, ஆனால் காய இன்னும் நாளானது. மின்விசிறி போதவில்லை. நரம்பைக் கிழித்து எடுத்தால் கொஞ்சம் தேவலை, ஆனால் இரண்டு கிலோவுக்கு யார் உட்காருவது? விறகடுப்புக்கு மேல் தட்டு கட்டினால் புகை வாசம் ஏறிவிடுகிறது (மாமியாருக்கு அதுதான் பிடிக்கிறது, அது வேறு கதை). சேலத்தில் தங்கை வீட்டு மொட்டைமாடிக்கு அனுப்பினால், மலை இறங்குவதற்குள் சாக்கிலேயே புழுங்கிவிடுகிறது. டிரையர் வாங்கலாம் என்றால் இங்கே கரண்ட் நிலையில்லை.

கரண்ட் இல்லாமல், புகை படாமல், இந்தப் பனியில் இலையைக் காயவைக்க மலையில் இருப்பவர்கள் என்ன செய்கிறீர்கள்?