உதகையில் தண்ணீர் கொதித்தும் பருப்பு வேகாதது ஏன்?

கேள்வி
வணக்கம். அண்மையில் கோவையிலிருந்து உதகைக்குக் குடிவந்தோம். இங்கே தண்ணீர் தளதளவென்று கொதித்தாலும், திறந்த பாத்திரத்தில் போட்ட துவரம்பருப்பு வேக வெகுநேரம் ஆகிறது. அடுப்பைக் கூட்டி வைத்தால் தண்ணீரின் சூடு இன்னும் ஏறாதா?

பதில் 1
ஏறாது, ஐயா. உதகை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால், அங்குள்ள காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் சுமார் முக்கால் பங்குதான். ஆகவே தண்ணீர் 92 அல்லது 93 டிகிரி செல்சியசிலேயே கொதித்துவிடுகிறது. கொதி வந்தபின் நீங்கள் கொடுக்கும் வெப்பம், நீர் மூலக்கூறுகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்து ஆவியாக்குவதற்கே செலவாகிறது. வெப்பநிலையை உயர்த்த அதில் எதுவும் மிஞ்சாது. இதைத்தான் பள்ளிப் பாடத்தில் ஆவியாதலின் உள்ளுறை வெப்பம் என்று படித்தோம். 20 டிகிரியிலுள்ள ஒரு கிலோ தண்ணீரை உங்கள் ஊரில் கொதிநிலைக்குக் கொண்டுவர சுமார் 300 கிலோஜூல் போதும். அதே நீரை முழுவதும் ஆவியாக்க ஏறத்தாழ 2,280 கிலோஜூல் வேண்டும். எரிவாயுவைக் கூட்டினால் தண்ணீர் வேகமாக வற்றுமே தவிர, பருப்புக்குக் கூடுதல் சூடு கிடைக்காது.

பதில் 2
குன்னூரில் வசிக்கும் நாங்களும் குக்கரைத்தான் நம்பியிருக்கிறோம். மூடிக்குள் ஆவி அடைபட்டு அழுத்தம் கூடுவதால், உள்ளிருக்கும் நீர் 110 டிகிரியைத் தாண்டியும் சூடேறும். பருப்பை முன்கூட்டியே ஊறவைப்பது நல்லது.

கேள்வி கேட்டவர்
மிக்க நன்றி. அப்படியானால், கொதிக்காமலேயே துணி உலர்வது எப்படி?

பதில் 1
ஆவியாதல் எந்த வெப்பநிலையிலும் நீரின் மேற்பரப்பில் நடக்கும். அதற்கான வெப்பத்தைத் துணியும் சுற்றியுள்ள காற்றும் தருகின்றன. மூடுபனி நாளில் காற்று ஏற்கெனவே ஈரத்தால் நிறைந்திருப்பதால், வெளியேறும் அளவுக்கு நீர் மீண்டும் துணியில் படிகிறது.