சிவில் ஜட்ஜ் தேர்வு: மூன்று வருட பிராக்டிஸ் கணக்கு, மெயின் தாள்கள், பதவி உயர்வு

தாலுகா_வக்கீல்
வக்கீலாக என்ரோல் ஆகி ஒன்றரை வருடம் ஆகிறது. முன்சீப் கோர்ட், ஜே.எம். (மாஜிஸ்திரேட்) கோர்ட் இரண்டிலும் ஆஜராகிறேன். சிவில் ஜட்ஜ் தேர்வுக்குத் தேவையான மூன்று வருட பிராக்டிஸ் எந்தத் தேதியிலிருந்து கணக்கு? பார் தேர்வு பாஸான தேதியா? மெயினில் பலர் எங்கே சறுக்குகிறார்கள்? சேர்ந்த பிறகு மேலே போக என்ன வழி?

சான்றாவணம்
2025 மே 20 உச்ச நீதிமன்றத் தீர்ப்புப்படி, தற்காலிகமாக என்ரோல் ஆன நாளிலிருந்தே கணக்கு. பார் தேர்வு பாஸான தேதி பொருட்டல்ல. நீங்கள் ஆஜராகும் கோர்ட்டின் முதன்மை நீதித்துறை அலுவலர் சான்று தரலாம். இல்லையென்றால் பத்து வருடமாவது பிராக்டிஸ் உள்ள வக்கீலிடம் வாங்கி, மாவட்டத்தின் முதன்மை நீதித்துறை அலுவலரின் மேலொப்பம் பெற வேண்டும். நீதிபதிகளிடம் லா கிளார்க்காக இருந்த காலமும் சேரும். வக்காலத்து நகல், உங்கள் பெயர் வரும் உத்தரவுகள் இவற்றை இப்போதிருந்தே தேதி வாரியாகக் கோப்பில் வையுங்கள். அறிவிப்பு வந்ததும் அதிலுள்ள தகுதிப் பகுதியை வரிக்கு வரி படியுங்கள்.

எழுவினா
மெயினில் நான்கு தாள், தலா 100 மதிப்பெண்: மொழிபெயர்ப்பு ஒன்று, சட்டம் மூன்று. நேர்முகத் தேர்வுக்கு 60. செக்‌ஷன் மனப்பாடம் முதல் சட்டத் தாளுக்குக் கைகொடுக்கும். இரண்டாம் தாளில் எழுவினா (வழக்கில் கோர்ட் தீர்க்க வேண்டிய கேள்வி) வனைந்து சிவில் தீர்ப்பு எழுத வேண்டும், மூன்றாம் தாளில் குற்றச்சாட்டு வனைந்து கிரிமினல் தீர்ப்பு. சறுக்கல் இங்கேதான்.

புரோநோட்டு தாவாவை (கடன் உறுதிச் சீட்டின் பேரில் பணம் கேட்கும் வழக்கு) எடுத்துக்கொள்ளுங்கள். பிரதிவாதி கையெழுத்தையே மறுத்தால், "தாவா புரோநோட்டு பிரதிவாதியால் எழுதிக் கொடுக்கப்பட்டதா?" என்பதே முதல் எழுவினா, நிரூபிக்கும் சுமை வாதி மேல். கையெழுத்தை ஒப்புக்கொண்டு பணம் வாங்கவில்லை என்றால் கதையே வேறு. பணம் கைமாறியது என்றே கொள்ளும் மாற்றுமுறை ஆவணச் சட்டம் 118-ன் அனுமானம் வாதிக்குச் சாதகம், அதை உடைக்க வேண்டியவர் பிரதிவாதி. பிரதிவாதியின் எதிருரையைச் சரியாகப் படிக்காமல், "வாதி கோரிய பரிகாரம் கிடைக்கத்தக்கதா?" என்று மட்டும் எழுதினால் சுமை யார் மேல் என்பதே தெரியாமல் தீர்ப்பு தடம் மாறும். ஒவ்வொரு எழுவினாவுக்கும் தனி முடிவு, காரணத்தோடு வேண்டும் (உரிமையியல் விசாரணை முறைச் சட்டம், ஆர்டர் 20 ரூல் 5).

கிரிமினலில் சம்பவ நாள், இடம், பாதிக்கப்பட்டவர் மூன்றும் குற்றச்சாட்டில் வர வேண்டும். இரண்டு பேருக்குக் காயம் என்றால் இரண்டையும் ஒரே வரியில் அடைக்காதீர்கள், தனித்தனியாக வனையுங்கள்.

முடிந்துபோன வழக்குகளின் வழக்குரை, எதிருரையை மட்டும் வாங்கி நீங்களே எழுவினா போட்டுப் பாருங்கள். பிறகு கோர்ட் போட்டதோடு ஒப்பிடுங்கள். மொழிபெயர்ப்புக்கும் அதே வழக்குக் கட்டில் உள்ள வாக்குமூலங்கள் போதும்.

தாலுகா_வக்கீல்
நன்றி சார். மாஜிஸ்திரேட்டாக உட்கார்ந்தால் முதலில் எதில் கவனம் தேவை?

ரிமாண்ட்_கோர்ட்
ரிமாண்டில், அதாவது கைதானவரைக் காவலில் வைக்க உத்தரவிடுவதில். ஏழு வருடம் வரை தண்டனையுள்ள குற்றத்தில் கைது ஏன் தேவைப்பட்டது என்று போலீஸ் எழுதிய காரணத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடவே கூடாது. ஒரு மனிதனின் சுதந்திரம் அந்த ஒரு தாளில் இருக்கிறது. அடுத்தது, அதற்குள் குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் கொடுக்க வேண்டிய 60, 90 நாள் கணக்கு. கைதான நாளிலிருந்து எண்ணுவதும் தவறு, ரிமாண்ட் செய்த நாளை விட்டுவிட்டு எண்ணுவதும் தவறு. ரிமாண்ட் நாளையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது.

இன்னொன்று, எதிரியை (குற்றம் சாட்டப்பட்டவரை) கோர்ட் கேள்வி கேட்கும் பிரிவு: பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 351 (பழைய 313). அ.சா.1 (அரசு சாட்சி 1) முதல் அ.சா.6 வரை சொன்னதை ஒரே கேள்வியில் கட்டிக் கேட்டால் எதிரியால் விளக்கம் சொல்ல முடியாது. பாதகமான ஒவ்வொரு சூழ்நிலையையும் தனித்தனியாகக் கேளுங்கள். கேட்காமல் விட்டதைத் தண்டனைக்கு ஆதாரமாக்கினால் அப்பீலில் நிற்காது.

சான்றாவணம்
பதவி உயர்வு: சிவில் ஜட்ஜ், சீனியர் சிவில் ஜட்ஜ், மாவட்ட நீதிபதி என மூன்று படி. இரண்டாவது தேசிய நீதித்துறை ஊதியக் குழுப்படி தொடக்க அடிப்படைச் சம்பளம் முறையே 77,840, 1,11,000, 1,44,840 ரூபாய். சீனியாரிட்டி வழி மெதுவாகத்தான் நகரும். சீனியர் சிவில் ஜட்ஜாக மூன்று வருடம் முடித்தால் போட்டித் தேர்வு எழுதி மாவட்ட நீதிபதியாகலாம். அந்த ஒதுக்கீட்டை அதே 2025 மே தீர்ப்பு 10-லிருந்து மறுபடி 25 சதவீதமாக்கியது. மாவட்ட நீதிபதி நேரடி நியமனத்துக்கும் வழி திறந்திருக்கிறது: 2025 அக்டோபரில் அரசியல் சாசன அமர்வு, வக்கீல் காலமும் நீதிபதி காலமும் சேர்ந்து ஏழு வருடம் இருந்தால் பணியில் உள்ளவர்களும் விண்ணப்பிக்கலாம் என்றது. குறைந்தபட்ச வயது 35.