ரெட்டிகுலோசைட் 3 சதவீதம்: அம்மாவுக்குச் சிவப்பணு உடையுதா?

நிலாமுற்றம்:
அம்மாவுக்கு 58 வயசு. ரெண்டு மாசமா மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குது. ரிப்போர்ட்ல ஹீமோகுளோபின் 7, ஹெமட்டோகிரிட் (ரத்தத்துல சிவப்பணு எத்தனை சதவீதம்ங்கறது) 21, எம்.சி.வி. (சிவப்பணுவோட சராசரி அளவு) 68, சிவப்பணு 31 லட்சம். ரெட்டிகுலோசைட் 3 சதவீதம்னு போட்டு பக்கத்துல மேல்நோக்கி ஒரு அம்புக்குறி. 2.5 வரைக்கும்தான் நார்மலாம். இது கூடினா உடம்புக்குள்ள சிவப்பணு உடையுதுன்னு எங்கேயோ படிச்சதிலிருந்து தூக்கமே இல்ல. டாக்டரைப் பார்க்க மூணு நாள் இருக்கு. யாராவது சொல்லுங்களேன்.

நுண்ணோக்கி:
முதல்ல ஒண்ணு: சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலிச்சாலோ, மயக்கம் வந்தாலோ மூணு நாள் காத்திருக்காதீங்க, உடனே கூட்டிட்டுப் போங்க.

நான் 19 வருஷமா லேப்ல இருக்கேன். அந்த அம்புக்குறியைப் பார்த்துப் பயந்தவங்க நிறையப் பேர். ரெட்டிகுலோசைட்னா எலும்பு மஜ்ஜையிலிருந்து புதுசா வெளியே வந்த சிவப்பணு. உள்ள ஆர்.என்.ஏ. மிச்சம் இருக்கும், நியூ மெத்திலீன் புளூ போட்டா நீல வலை மாதிரி தெரியும். ஆயிரம் அணுவை எண்ணி, அதுல இது எத்தனைன்னு பார்த்துத்தான் கையால சதவீதம் சொல்லுவோம். சிக்கலே அங்கதான். மொத்த அணு குறைஞ்சுட்டா, புது அணு கூடாமலே சதவீதம் ஏறிடும்.

அம்மாவோட கணக்கைப் போட்டுப் பாருங்க. 3-ஐ அம்மாவோட ஹெமட்டோகிரிட் 21-ஆல பெருக்கி, நார்மல் ஹெமட்டோகிரிட் 45-ஆல வகுத்தா 1.4. இன்னும் ஒரு கழிவு இருக்கு. ரத்தம் இவ்வளவு குறைஞ்சா மஜ்ஜை இளம் அணுக்களை முன்கூட்டியே வெளியே தள்ளிடும். வழக்கமா ரத்தத்துல ஒரு நாள் ரெட்டிகுலோசைட்டா இருக்கறது, ரெண்டு நாளுக்கு மேலயும் அப்படியே இருக்கும். அதுக்காக 2-ஆல வகுத்தா 0.7. அணு உடைஞ்சு, மஜ்ஜை நல்லா ஈடு கொடுக்கிறதா இருந்தா இது 2, 3-க்கு மேல போகணும். ஆக இங்கே உடையறதுக்கான அடையாளம் இல்ல, உற்பத்திதான் போதல. பி12 குறைவு, சிறுநீரகக் கோளாறு, மஜ்ஜையே சோர்ந்துபோறது எல்லாத்துலயும் இது இறங்கும். ஆனா எம்.சி.வி. 68-ன்னா அணு சின்னதா இருக்குன்னு அர்த்தம், அதனால என் முதல் சந்தேகம் இரும்புச்சத்து குறைவு. ஃபெரிட்டின் (உடம்புல இரும்பு சேமிப்பு எவ்வளவுன்னு காட்டற டெஸ்ட்) பார்க்கலாமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க.

மாதவிலக்கு நின்ன வயசுல இரும்பு குறைஞ்சா, குடல்ல எங்கேயாவது ரத்தம் கசியுதான்னு பார்த்தே ஆகணும். வெறும் மாத்திரையோட விட்டுடாதீங்க. வலி மாத்திரை ஏதாவது எடுக்கறாங்களா?

நிலாமுற்றம்:
முட்டி வலிக்கு ரெண்டு வருஷமா தினமும் போடறாங்க அண்ணா. அதைப் பத்தி யாருமே கேட்கல.

தம்பிக்காக:
நிஜமாவே உடையற வீட்டுக் கதை எங்களோடது. தம்பிக்குப் பரம்பரை ஸ்பீரோசைட்டோசிஸ், அதாவது சிவப்பணு உருண்டையாகிச் சீக்கிரமே உடையற நோய். எப்பவும் ரெட்டிகுலோசைட் 10, 12 சதவீதம், கண் மஞ்சள், எல்.டி.எச். (அணு உடைஞ்சா ரத்தத்துல கூடற ஒரு நொதி) அதிகம். அவனுக்கு அது கூடுதலா இருந்தாதான் எங்களுக்கு நிம்மதி, ஏன்னா மஜ்ஜை ஈடு கொடுக்குதுன்னு அர்த்தம். ஒரு காய்ச்சலுக்கு அப்புறம் 0.2-க்கு விழுந்துச்சு. பார்வோ வைரஸ் பி19, மஜ்ஜையில அணு உருவாகறதையே சில நாள் நிறுத்திடுச்சு. ரத்தம் ஏத்தித்தான் காப்பாத்தினாங்க. அதிகம்னா கெட்டது, குறைவுன்னா நல்லதுன்னு இதுல இல்லவே இல்ல.

நிலாமுற்றம் (17 நாள் கழிச்சு):
ஃபெரிட்டின் 5, ரொம்பக் குறைவு. எண்டோஸ்கோப்பியில இரைப்பையில புண். வலி மாத்திரையை நிறுத்திட்டாங்க. இரும்பு மாத்திரை ஆரம்பிச்சு எட்டாவது நாள் ரெட்டிகுலோசைட் 6 சதவீதம், சிவப்பணு 33 லட்சம், ஹீமோகுளோபின் 7.6. திரும்பவும் அதே அம்புக்குறி அண்ணா!

நுண்ணோக்கி:
இந்தத் தடவை சந்தோஷப்படுங்க. சதவீதமா இல்லாம ரெட்டிகுலோசைட் எண்ணிக்கையாப் பார்த்தா, அன்னைக்கு 31 லட்சத்துல 3 சதவீதம், அதாவது 93 ஆயிரம், இன்னைக்கு ரெண்டு லட்சத்துக்குப் பக்கம். இரும்பு ஆரம்பிச்சு 7-லிருந்து 10 நாளுக்குள்ள இப்படி ஏறணும், ஏறியிருக்கு. ஹீமோகுளோபின் இதுக்குப் பின்னாலதான் மெதுவா வரும். அது நார்மல் ஆனதும் மாத்திரையை நிறுத்திட வேண்டாம். இரும்புச் சேமிப்பு நிரம்ப வழக்கமா அதுக்கப்புறமும் மூணு மாசம் கொடுப்பாங்க. மலம் கறுப்பாப் போனா மாத்திரையாலயும் இருக்கலாம், ஆனா தார் மாதிரி பிசுபிசுன்னு நாற்றத்தோட போனா அன்னைக்கே டாக்டரைப் பாருங்க.