"ஜே, கே, பி, ஓ, செமிகோலன்": ஸ்க்ரீன் ரீடரோடு உங்கள் அனுபவம் என்ன?

எனக்குப் பார்வை இல்லை. கணினியை என்விடிஏ வைத்துத்தான் பயன்படுத்துகிறேன். பார்வையற்றவரான மைக்கேல் கரன் 2006-ல் ஆஸ்திரேலியாவில் எழுதத் தொடங்கிய ஸ்க்ரீன் ரீடர் அது, அதாவது திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்லும் மென்பொருள். இன்றும் இலவசம். ஜாஸ் என்ற இன்னொரு ஸ்க்ரீன் ரீடரை விலை கொடுத்து வாங்க என்னிடம் பணமில்லை. என்விடிஏ இல்லையென்றால் நான் கணினியைத் தொட்டே இருக்க மாட்டேன்.

போட்டித் தேர்வுக்குப் படித்தபோது ஒரு பயிற்சி மையம் பாடக்குறிப்புகளை வேர்டு கோப்பாக அனுப்பியது. திறந்தால் ஏதோ உளறல். குரலில்தான் கோளாறு என்று நினைத்து அதை மாற்றி மாற்றிப் பார்த்தேன். கடைசியில் அம்புக்குறியால் ஒவ்வோர் எழுத்தாக நகர்ந்தேன். "ஜே, கே, பி, ஓ, செமிகோலன்." தங்கையைக் கூப்பிட்டேன். "தமிழ்னுதானே அண்ணா போட்டிருக்கு?" என்றாள்.

பாமினி எழுத்துரு! உள்ளே இருப்பதெல்லாம் ஆங்கில எழுத்து. அதற்குத் தமிழ் வடிவம் மாட்டியிருக்கிறார்கள். jkpo; என்று தட்டினால் திரையில் 'தமிழ்' என்று தெரியும். ஸ்க்ரீன் ரீடருக்கு வடிவம் தெரியாது, உள்ளே இருக்கும் குறியீட்டைத்தான் படிக்கும். தமிழ் எழுத்துக்கென்றே தனிக் குறியீடு தரும் யூனிகோடைத் தமிழக அரசு 2010-லேயே ஏற்றுக்கொண்டுவிட்டது. ஆனாலும் இப்படிப்பட்ட கோப்புகள் இன்னும் வருகின்றன. மையத்தில் கேட்டேன். "எல்லாரும் இதைத்தானே படிக்கிறாங்க" என்றார்கள். அந்த 'எல்லாரும்' என்ற சொல் இன்னும் வலிக்கிறது.

* * *

நண்பரே, நான் மென்பொருள் எழுதுபவன். நாங்கள் செய்த ஒரு விண்ணப்பப் படிவத்தைச் சோதிக்கப் பார்வையற்ற பெண் ஒருவர் வந்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்தேன். அடுத்தடுத்த பட்டனுக்கு நகர டேப் விசையை அழுத்த அழுத்த "பட்டன், பட்டன், பட்டன்" என்றே கேட்டது. "சார், இதுல சேமிக்கிறது எது?" என்றார். எல்லாம் படங்கள், ஒன்றுக்கும் நாங்கள் பெயர் வைக்கவில்லை. 'சமர்ப்பி' பட்டனில் டேப் நிற்கவே இல்லை. அதை டிவ் என்ற வெறும் பெட்டியை வைத்துச் செய்திருந்தோம், மவுஸுக்கு மட்டும்தான் அது பட்டன். பிழை வந்தால் கட்டம் சிவப்பாகும், அவ்வளவுதான். அவருக்கு அது எப்படித் தெரியும்?

டிவ்வை எடுத்துவிட்டு உண்மையான பட்டனைப் போட்டோம், ஒவ்வொன்றுக்கும் பெயர் கொடுத்தோம், பிழையை எழுத்திலும் சொன்னோம். ஒரே மதியத்தில் முடிந்த வேலை. இதைச் செய்யாமல் எத்தனை வருடம் ஓட்டியிருக்கிறேன் என்று நினைத்து அன்று இரவு தூக்கம் வரவில்லை.

* * *

எனக்கு முகத்தில் தீக்காயம், இமைகள் முழுதாக மூடாது. வங்கிச் செயலி ஒன்று கேஒய்சிக்காக, அதாவது வாடிக்கையாளர் யார் என்று சரிபார்ப்பதற்காக, "கண் சிமிட்டுங்கள்" என்று திரும்பத் திரும்பச் சொன்னது. வேறு வழியே கொடுக்கவில்லை. நான் உயிரோடு இருப்பதை அதற்கு எப்படி நிரூபிப்பது? 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம், டிஜிட்டல் சேவைகளைப் பெறுவது வாழ்வுரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்தது. கேஒய்சியை மாற்ற 20 உத்தரவுகளும் தந்தது. ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்டவர்களும் பார்வையற்ற ஒருவரும் தொடுத்த வழக்குகள் அவை. தீர்ப்புச் செய்தியைப் படித்தபோது அழுதுவிட்டேன்.

* * *

முதலில் எழுதியவன்தான் மறுபடி வந்திருக்கிறேன். கேஒய்சி பற்றி எழுதிய அக்கா, உங்கள் பதிவை இரண்டு முறை கேட்டேன். சரி, தமிழில் கோப்பு அனுப்புகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். அனுப்பும் முன் ஒரு வரியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். தமிழாகவே வந்தால் எனக்கும் கேட்கும். ஆங்கில எழுத்தாக வந்தால் யூனிகோடுக்கு மாற்றி அனுப்புங்கள். அதற்கான மாற்றிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.