லைட்னிங் ஜம்ப்: ‘மின்னல் தூண்டல்’ வேண்டாமே

> ஒரு மேகத்தில் மின்னல்களின் எண்ணிக்கை திடீரென ஏறுவதை ‘லைட்னிங் ஜம்ப்’ என்கிறார்களே, அதைத் தமிழில் ‘மின்னல் தூண்டல்’ எனலாமா? டோர்னேடோ என்ற சுழற்காற்றை அதுதானே தூண்டுகிறது?

ஐயா, வணக்கம். ‘தூண்டல்’ இரண்டு இடத்தில் இடறுகிறது. பள்ளி இயற்பியலில் மின்தூண்டல் ஏற்கெனவே உண்டு. படிப்பவர் காந்தப்புலத்தைத் தேடிப் போய்விடுவார். அதைவிடப் பெரிய சிக்கல், மின்னலைக் காரணமாக்கிவிடுகிறது. 1960இல் அமெரிக்க வளிமண்டல ஆய்வாளர் பெர்னார்ட் வானகட் ஏறக்குறைய அப்படித்தான் கருதினார்: இடிமேகத்தின் மின்சாரம் காற்றைச் சூடாக்கிச் சுழலுக்கு ஆற்றல் தருகிறது என்று. இன்று அது எடுபடுவதில்லை.

நடப்பது வேறு. மேலெழும் காற்று வலுத்தால் மேகத்துக்குள் பனித்துகள்களும் மென்பனி உருண்டைகளும் நிறைய மோதிக்கொள்கின்றன. மோதலில் மின்னூட்டம் கைமாறுகிறது. பெரும்பாலும் இலேசான துகள் நேர்மின்னூட்டத்தோடு உச்சிக்குப் போய்விடும். கனத்த உருண்டை எதிர்மின்னூட்டத்தோடு கீழே தங்கிவிடும். மின்னல் கூடுகிறது. அதே மேலெழுகாற்று, கீழே உள்ள சுழற்சியை நீட்டி இறுக்கவும் செய்யலாம். மின்னலும் சுழலும் ஒரு தாய்ப் பிள்ளைகள். ஒன்று மற்றொன்றைப் பெறவில்லை. ஜம்ப் வந்தும் சுழல் வராமல், ஆலங்கட்டியோடு நின்றுவிடுவதும் உண்டு.

நிமிடத்துக்கு 10 மின்னல் வெட்டிய மேகம் சில நிமிடங்களில் 40க்கு ஏறுகிறது என்று வையுங்கள், அதுதான் ஜம்ப். தரைக்கு இறங்குவதோடு மேகத்துக்குள்ளேயே வெட்டுவதையும் சேர்த்து எண்ண வேண்டும். குதிப்பது எண்ணிக்கை, மின்னல் அல்ல. ‘மின்னல் தாவல்’, ‘மின்னல் பாய்ச்சல்’ இரண்டும் அதனால் பொருந்தவில்லை.

> அப்படியானால் ‘மின்னல் பெருக்கம்’?

பெருக்கம் மெல்லவும் நடக்கும். திடீர் என்பது அதில் இல்லை. என் பரிந்துரை ‘மின்னல் எகிறல்’. விலை எகிறுகிறது, ரத்த அழுத்தம் எகிறுகிறது என்று நாள்தோறும் சொல்கிறோம். கொச்சை என்று சிலர் முகம் சுளிக்கலாம், சுளிக்கட்டும். ‘7 மணிக்கு மின்னல் எகிறியது’ என்று வினையாகவும் ஓடுகிறதே!

(டோர்னேடோவுக்குச் ‘சூறாவளி’ போடாதீர்கள். கடல் புயலோடு குழம்பும். ‘சுழற்காற்று’ போதும்.)

இதோடு ‘லைட்னிங் ஹோல்’ என்றும் ஒன்று இருக்கிறது. மேலெழுகாற்று மிக வேகமாக ஏறும் நடுப்பகுதியில் துகள்கள் வளர்ந்து மோத அவகாசம் கிடைப்பதில்லை. சுற்றிலும் மின்ன, சில கிலோமீட்டர் அகலத்துக்கு உள்ளே மட்டும் வெறிச்சென்று இருக்கும். ‘மின்னல் துளை’ என்றால் மின்னல் துளைத்த ஓட்டை என்றாகிவிடும். வாடா மலர், அறியாப் பிள்ளை போல ‘மின்னாப் பொந்து’ என்று வைக்கலாமா? பொந்து மரத்துக்குத்தான் என்பவர்கள் மாற்றுச் சொல்லோடு வாருங்கள்.