புரதத்தின் வடிவிழப்பு: ஒரு கலைச்சொல் முன்மொழிவு

வெப்பத்தாலோ அமிலத்தாலோ நொதி என்ற புரதம் செயலற்றுப்போவதை, ஆங்கிலத்தில் denaturation எனப்படுவதை, 'புரதச் சிதைவு' என்று எழுதுவது பொருந்தாது என்பது என் உறுதியான கருத்து. அமினோ அமிலங்களைக் கோக்கும் பெப்டைடுப் பிணைப்புகள் அறுந்து புரதச் சங்கிலி துண்டாவதே சிதைவு; செரிமானத்தில் நிகழ்வது அது. வெப்பத்தால் முதலில் குலைபவை ஹைட்ரஜன் பிணைப்பு போன்ற வலுக்குறைந்த பிணைப்புகளே. சங்கிலி அறுபடுவதில்லை, அதன் மடிப்புதான் அவிழ்கிறது.

ரைபோநியூக்ளியேஸ்-ஏ என்ற நொதியை எடுத்துக்கொள்வோம். 124 அமினோ அமிலங்கள் கொண்ட அதன் சங்கிலியில் 12ஆம் இடத்திலும் 119ஆம் இடத்திலும் உள்ள இரு ஹிஸ்டிடின் அமினோ அமிலங்கள், ஏறத்தாழ இரு முனைகளில் இருப்பவை, மடிப்பின் காரணமாக ஒரே பள்ளத்தில் எதிரெதிராக வந்து நிற்கின்றன. ஒன்று புரோட்டானை வாங்க, மற்றொன்று கொடுக்க, ஆர்.என்.ஏ.வை வெட்டும் வினைக்கான கிளர்வு ஆற்றல் (வினை தொடங்கத் தேவைப்படும் ஆற்றல்) வெகுவாகக் குறைகிறது. மடிப்பு அவிழ்ந்தபின் அவ்விரண்டும் சங்கிலியில் தத்தம் இடத்திலேயே இருந்தாலும், சேர்ந்து இயங்க வழியில்லாமல் போகிறது.

இழந்த வடிவம் மீளவும் கூடும். அமெரிக்க உயிர்வேதியியலாளர் கிறிஸ்டியன் அன்ஃபின்சென் இதே நொதியை யூரியாவாலும் மெர்காப்டோஎத்தனாலாலும் அவிழ்த்து, அதன் நான்கு கந்தகப் பாலங்களையும் பிரித்தார். அவ்விரு வேதிப்பொருள்களையும் நீக்கிக் காற்றுப்பட வைத்தபோது செயல்திறன் ஏறக்குறைய முழுமையாகத் திரும்பியது. அப்பாலங்களை அமைக்கும் எட்டு சிஸ்டீன் அமினோ அமிலங்கள் இணைசேர 105 வழிகள் இருந்தும், சரியான ஒன்றை அச்சங்கிலி தானே கண்டுகொண்டது. 1972இன் வேதியியல் நோபல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்தது இந்த ஆய்வுகளுக்காகத்தான். மீளக்கூடிய ஒன்றைச் 'சிதைவு' என்றால் மாணவர் எப்படிப் புரிந்துகொள்வார்?

'இயல்பிழப்பு' தவறன்று, ஆனால் எந்த இயல்பு என்று அது சொல்வதில்லை. (குடிக்க ஒவ்வாதபடி நஞ்சு கலந்த ஆல்ககாலுக்கு அச்சொல்லை விட்டுவிடலாம்.) ஆகவே 'வடிவிழப்பு' என்பதை முன்மொழிகிறேன். வடிவிழந்த புரதம், வடிவிழப்பூட்டி, வடிவமீட்சி என அது இயல்பாகக் கிளைக்கிறது. வினைப்பொருள் வந்து பொருந்தும்போது நொதி சற்றே நெகிழ்வதை 'வடிவமாற்றம்' என்று தனியே குறிக்கலாம். அங்கே செயல்திறன் இழக்கப்படுவதில்லை.

வெந்த முட்டையின் வெண்கரு ஆறியபின்னும் பழைய நிலைக்குத் திரும்பாததைக் காட்டி, வடிவிழப்பு மீளாதது என்று சிலர் வாதிடக்கூடும். அவிழ்ந்த சங்கிலிகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதே அதற்குக் காரணம். வடிவிழப்பைத் தொடர்ந்து நிகழும் அந்த அடுத்த கட்டத்துக்குத் 'திரளல்' என்ற தனிச்சொல் வேண்டும்.